மஞ்சக்காமாலை வந்த உடம்பு

பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது எவ்வளவு அசிங்கமான காரியம் என்று மரகதத்துக்குத் தெரியும், தெரிந்துதான் நின்றாள். மதுரைக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஊரே நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போது அவள் ஒருத்தி மட்டும் கௌரவம் பார்த்தால் மூன்றாம் பந்திதான் கிடைக்கும், மூன்றாம் பந்திக்குள் அப்பளம் நமத்துப்போகும், அப்பளம் நமத்துப்போனால் தாரணி சாப்பிட மாட்டாள், தாரணி சாப்பிடாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும் சொந்தபந்தம் எல்லாம் ஒன்றுகூடி பாவம் என்று உச்சுக்கொட்டும். அந்த உச்சுக்குப் பதினெட்டு வருஷமாகியும் மரகதம் பழகவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரோ அவசரமே இல்லாமல் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, விரலால் வழித்து, இலையோடு ஏதோ பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். ஐயா, சீக்கிரம். பக்கத்தில் தாரணி, சத்தத்தைக் குறைக்கிற பெரிய கறுப்பு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் முந்தானை நுனியைச் சுண்டுவிரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாகஸ்வரம் ஒரு பக்கம், ‘மாப்பிள்ளையின் தாய்மாமா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்’ என்று மைக் ஒரு பக்கம். இந்த இரைச்சல் அவளுக்குள் எப்படி இறங்கும் என்று மரகதம் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை கேட்டபோது, “எல்லாம் ஒரே அளவுல கேக்குதும்மா, எது முக்கியம்னு காது சொல்ல மாட்டேங்குது” என்றாள். ஆட்டிசம் என்று அவளுடைய நாலாவது வயதில் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளில் இருந்ததைவிட இந்த ஒரு வாக்கியத்தில் மரகதத்துக்கு அதிகம் புரிந்தது. ஆனால் புரிந்தது ஒரு பக்கம் இருக்க, பழைய பயம் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கும்: என்னால்தானோ, கைக்குழந்தையாய் மடியில் கிடந்தபோது என் இருட்டைத்தான் பாலோடு குடித்தாளோ. இல்லவே இல்லை என்று அந்த டாக்டர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். அறிவு ஒப்புக்கொண்டது, மனசு மட்டும் தலையாட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. பாயசத்து மனிதர் ஒருவழியாக எழுந்தார்.

உட்கார்ந்ததும் தாரணியின் முகம் மாறிப்போனது. மண்டபத்தில் அவளுக்குப் பிடித்த ஒரே இடம் பந்திதான், அதுவும் புது இலை போட்ட நிமிஷம். மேடையில் யார் எப்போது ஏறுவார்கள், யார் கன்னத்தைக் கிள்ளுவார்கள், எப்போது வெடி போடுவார்கள், எதற்கும் உத்தரவாதம் கிடையாது, இலையில் அப்படியில்லை. நுனி இடதுபுறம். தண்ணீர் தெளிப்பு. உப்பு இடது ஓரம், பக்கத்தில் ஊறுகாய், அப்புறம் இனிப்பு, பச்சடி, பொரியல், கூட்டு, அதனதன் இடத்தில். ஒன்று இன்னொன்றைத் தொடாமல் இருக்க, தாரணி கையில் கொண்டுவந்திருந்த கரண்டியால் இலையில் பாத்தி கட்டினாள். பரிமாறுகிற பையன் கூட்டை ஊறுகாய் இடத்தில் வைக்கப் போனபோது “அது அங்க இல்லண்ணே, இங்க” என்று விரலால் காட்டினாள். அவன் அவளை ஒருமுறை பார்த்தான், ஹெட்போனைப் பார்த்தான், சொன்ன இடத்தில் வைத்தான், அடுத்த இலையிலிருந்து அவனாகவே சரியாக வைத்துக்கொண்டு போனான். மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நெஞ்சு விம்மியது. நாற்பத்தெட்டு வயதில் எத்தனை இலையில் சாப்பிட்டிருப்பாள், இலைக்கு இப்படி ஓர் ஒழுங்கு உண்டு என்று ஒரு நாளாவது கவனித்தாளா? மகள் வந்துதான் காட்டினாள். கடவுள் உலகத்தைப் படைத்து முடித்து, சரிபார்க்க இப்படி நாலு பேரை அனுப்பியிருப்பார் போல. அப்போது வடை வாளி வந்தது. எதிர்வரிசையிலிருந்து செண்பகம் சித்தி, வாயில் சோறோடு, “ஏப்பா, மரகதத்துக்கு வடை வைக்காத. மஞ்சக்காமாலை வந்த உடம்பு” என்றாள். வாளி தாண்டிப் போனது. அவ்வளவுதான், வழக்கம்போல. இருபத்தோரு வருஷமாகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் மரகதம் வடை தின்றதில்லை, நெய் விட்டுக்கொண்டதில்லை. வீட்டில் போய்ப் பக்கோடா போட்டுத் தின்பாள், அது வேறு. மஞ்சக்காமாலை என்பதே பொய், சொன்னவர் அப்பா. அப்போது தாரணி எட்டு மாதக் குழந்தை. மரகதம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குழந்தை அழுவது கேட்கும், அது பக்கத்து ஊரில் அழுவதுபோல இருக்கும், கையை நீட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒருநாள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். என்ன நினைத்துப் போனாள் என்று இன்றைக்கும் அவளால் முழுசாகச் சொல்ல முடியாது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த புருஷன் ராஜமாணிக்கம் கதவை உடைத்து அவளை வெளியே கொண்டுவந்தார், உட்கார்ந்து அழுதார், அப்புறம் பையிலிருந்து திருப்புளியை எடுத்து வீட்டிலிருந்த தாழ்ப்பாள் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பதினேழு நாள் ஆஸ்பத்திரி. அப்பா ஊருக்கெல்லாம் மஞ்சக்காமாலை என்று சொல்லிவிட்டார். தம்பி கதிரேசனிடம்கூட அப்படித்தான். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது; அக்காவுக்கு மஞ்சக்காமாலை என்று நம்பி, தினமும் வரப்பு வரப்பாகக் குனிந்து கீழாநெல்லி பறித்து, அரைத்து, மோரில் கலந்து தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தான். அதை அவன் கண் முன்னாலேயே குடித்தாளே, அதுதான் கொடுமை. “செத்தாலும் இது வாசலைத் தாண்டக் கூடாது” என்று அப்பா கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாக்கு மட்டும் வடை வாளி வருகிறபோதெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வாசலைத் தாண்டாதது ஒரே ஒரு தடவை வாசலுக்குள்ளேயே உடைந்தது, போன வருஷம் ஆவணியில். தாரணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. குழாய்களுக்கு லேபிள் ஒட்டி, எண்ணைச் சரிபார்த்து அடுக்குகிற வேலை. மற்றவர்களுக்குச் சலித்துப்போகிற அந்த வேலையில் அவள் ஒரு குழாயைக்கூட மாற்றி வைத்ததில்லை. அன்று வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், “அம்மா, மஞ்சக்காமாலை வந்தப்ப உன் ரத்தத்துல பிலிருபின் எவ்வளவு இருந்துச்சு?” என்றாள். மரகதம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு எண்ணைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். எண்ணைச் சொன்னால் இவள் அதற்கு அடுத்த எண்ணைக் கேட்பாள், ரிப்போர்ட் எங்கே என்பாள், இருபது வருஷப் பொய் ஒரு நிமிஷத்தில் பல்லிளிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பொய் என்று ஒன்று இருப்பதே தெரியாத அந்த முகத்தைப் பார்த்து நாக்கு எழவில்லை. “எனக்கு மஞ்சக்காமாலை வரல பாப்பா. மனசு சரியில்லாமப் போச்சு” என்றாள். சொல்லிவிட்டு, வரப்போகிற இடிக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். இடி வரவில்லை. தாரணி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள், அவள் யோசிக்கிற விதம் அது, அப்புறம் கேட்டாள்: “அது காலைல அதிகமா இருந்துச்சா, சாயங்காலம் அதிகமா இருந்துச்சா?” மரகதம் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். காலையில்தான். விடிகிற நேரம்தான் மோசம், ஜன்னல் வெளுக்க வெளுக்க நெஞ்சில் ஒரு அம்மிக்கல் ஏறும், சாயங்காலம் கொஞ்சம் இறங்கும். இதை அம்மா கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, கையைப் பிடித்து அழுத புருஷன் கேட்கவில்லை. ஏன் இப்படிப் பண்ணினே என்றார்கள், உனக்கு என்ன குறை என்றார்கள், குழந்தை முகத்தைப் பார்த்தாவது என்றார்கள். எப்படி இருந்தது என்று யாருமே கேட்கவில்லை. அடுத்தவர் மனசு புரியாத பிள்ளை என்று ஊர் முத்திரை குத்திய பெண் கேட்டாள். அப்புறம் ஒரு மணி நேரம் கேள்விதான்: சாப்பாட்டில் ருசி தெரிந்ததா, வெளிச்சம் குத்தியதா, நான் அழுதது எவ்வளவு தூரத்தில் கேட்டது? கடைசியில், “எனக்கும் சில நாள் எல்லாம் தூரமா இருக்கும்மா, அப்ப நான் போர்வைக்குள்ள போயிருவேன். நீ போர்வைக்குள்ள போயிருக்கலாம்” என்றாள். தொட்டால் பிடிக்காத பெண், தன் கனமான போர்வையை எடுத்துவந்து அம்மாவின் தோளில் போர்த்திவிட்டு, டிவி பார்க்கப் போய்விட்டாள். மரகதம் அந்தப் போர்வைக்குள் நின்றபடியே நின்றாள். கோவில் கருவறைக்கு முன்னால்கூட அவளுக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை.

சாதம் வந்தது, பருப்பு வந்தது, நெய் அவளைத் தாண்டிப் போனது. வலதுபுறம் உட்கார்ந்திருந்த கதிரேசனின் மனைவி குணவதி சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. முகம் வற்றிப்போயிருந்தது. “எங்க குணா, கதிரும் சிந்துவும் வரல?” என்று மரகதம் கேட்டாள். சிந்துஜா அவர்களுடைய ஒரே மகள், கல்லூரி முடிக்கப் போகிறவள், அத்தை அத்தை என்று காலைச் சுற்றி வளர்ந்தவள். “அவளுக்கு உடம்புக்கு முடியல மதினி. மஞ்சக்காமாலை. உங்க தம்பி கூட இருக்காரு.” சித்தி எதிரிலிருந்து, “அடடா, அத்தைக்கு வந்தது மருமகளுக்கும் வந்துருச்சா” என்றாள். குணவதி தலையைக் குனிந்துகொண்டாள். சாம்பார் வந்தது. தாரணி இரண்டு கையாலும் இலையை மறைத்து வேண்டாம் என்றாள். கொஞ்சம் கழித்து, சித்திக்குக் கேட்காத குரலில், குணவதி தானாகவே பேசினாள், ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்தவள் பேசுவதுபோல: “என்னயத்தான் ஏசுறாரு மதினி. ‘எங்க வம்சத்துலயே ஒருத்தருக்கும் இப்படி வந்ததில்ல, உன் பக்கத்துலருந்துதான் வந்துருக்கு’ங்கிறாரு. அவளுக்குக் கேக்குற மாதிரியே சொல்றாரு. அவ சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறா.” மரகதம் யோசிக்காமல், “ஏன், எனக்குத்தான் வந்துச்சே!” என்றாள். குணவதியின் விரல் சோற்றுக்குள் அப்படியே நின்றது. “அவகூடவே ஆள் இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நேத்து ஆசாரிய வரச்சொல்லி எல்லாக் கதவுலயும் தாழ்ப்பாளக் கழட்டுனோம், அந்த அலைச்சல் வேற” என்றாள் குணவதி, சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். மண்டபத்து இரைச்சல் எல்லாம் மரகதத்துக்கு ஒரே அளவில் கேட்டது, எது முக்கியம் என்று காது சொல்லவில்லை.

கழட்டுனாங்களா. திருப்புளியால் திருகாணியைச் சுற்றும் சத்தம் அவளுக்குத் தெரியும், கட்டிலில் படுத்தபடி ஒவ்வொரு சுற்றையும் கேட்டவள். வம்சத்தில் ஒருத்தருக்கும் வந்ததில்லை. தம்பி பொய் சொல்லவில்லையே, அவனுக்குத் தெரிந்த வரை அதுதானே உண்மை. அவனைக் கீழாநெல்லி பறிக்க விட்டது யார்? அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், இத்தனை பேர் பிறந்து வளர்ந்த குடும்பத்தில் தனக்கு மட்டும்தான் இப்படி, தான்தான் கறை என்று. பந்தி முடியட்டும். பாதிப் பந்தியில் எழுந்தால் வரிசையில் இருக்கிற எல்லாரையும் அவமானப்படுத்தினதுபோல, பெண் வீட்டார் ஓடிவருவார்கள். ரசம், பாயசம், மோர், இன்னும் கால் மணி நேரம். இருபத்தோரு வருஷம் பொறுத்தாயிற்று, கால் மணி நேரத்தில் என்ன. கால் மணி நேரத்தில் என்ன என்று அவளுக்குத் தெரியாதா, தாழ் போட்ட அன்றைக்கு எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்தானே. சொன்னால்? சித்தி வாய் சும்மா இருக்குமா? அம்மாவுக்கே அப்படியாம், அதான் பிள்ளை இப்படிப் பிறந்திருக்கு என்று அடுத்த கல்யாணத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிடும். அப்பா கை. அப்பாவின் உள்ளங்கை எவ்வளவு சூடாக இருந்தது. இடதுபுறம் தாரணி எப்போதோ ஹெட்போனை ஒரு காதில் மட்டும் விலக்கியிருந்தாள். “அம்மா, மஞ்சக்காமாலைக்குத் தாழ்ப்பாளக் கழட்ட மாட்டாங்க.” “தெரியும் பாப்பா.” “சிந்துஜாவுக்கு உன்னைப் பத்தித் தெரியுமா?” “தெரியாது.” “எனக்குச் சொன்னேல்ல. அவளுக்கு ஏன் சொல்லல?” “நீ கேட்டே, சொன்னேன். அவ கேக்கலையே.” தாரணி தூணைப் பார்த்தாள். “உனக்கு வந்துருக்குன்னு தெரிஞ்சாத்தான கேப்பா” என்றாள். அப்புறம், “எனக்குச் சொன்ன மறுநாள் நீ ஆறு நாப்பது வரைக்கும் தூங்குனே. அதுக்கு முன்னாடி எப்பவும் நாலேகால்தான் எந்திரிப்பே” என்றாள், ரிப்போர்ட் வாசிப்பதுபோல. மரகதம் மகளைப் பார்த்தாள். இருட்டில் விழித்துப் படுத்திருந்த அத்தனை வருஷமும் யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தாள். பக்கத்து அறையில் ஒருத்தி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு பெரிய கண் இது, எதையும் நேராகப் பார்க்காது என்று எல்லாரும் குறைசொல்கிற கண். மரகதம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். வரிசையே நிமிர்ந்து பார்த்தது. குணவதி முந்தானையைப் பிடித்து இழுத்து, “மதினி, உக்காருங்க, ரசங்கூட வரல” என்றாள். “உன் பக்கத்துலருந்து வரல குணா,” என்றாள் மரகதம். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “எங்க பக்கந்தான். எனக்கு வந்தது மஞ்சக்காமாலை இல்ல. சிந்துவுக்கு என்னவோ அதான் எனக்கும்.” சித்தியின் வாயில் அப்பளம் பாதியில் நின்றது. குணவதி மரகதத்தின் முந்தானையை விடாமல், அதையே முகத்தில் பொத்திக்கொண்டாள்.

கை கழுவுகிற இடத்தில் குழாய் எல்லாம் திறந்து கிடந்தது. வலது கை எச்சில், இடது கையால் போனை அழுத்த நாலு தடவை தப்பாகப் போயிற்று. “என்னக்கா, பந்தி முடிஞ்சிருச்சா?” என்றான் கதிரேசன். அவன் குரலில் தூக்கமே இல்லை. “கதிரு, சிந்து முழிச்சிருக்காளா? ஸ்பீக்கர்ல போடு.” “எதுக்குக்கா, அவ யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறா.” “அவ பேச வேண்டாம். நான் பேசுறேன். நீயும் கேளு.” ஏதோ உரசுகிற சத்தம், மின்விசிறி சத்தம். மரகதம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பின்னாலேயே எழுந்து வந்து எதிரே நின்ற தாரணியைப் பார்த்தாள். அவள் குழாய்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தாள். “சிந்து, தாரணி கைக்குழந்தையா இருந்தப்ப நான் பதினேழு நாள் ஆஸ்பத்திரில இருந்தேன். மஞ்சக்காமாலைக்கு இல்லம்மா. படுத்தா எந்திரிக்க முடியல. உசுரோட இருக்க வேண்டாம்னு இருந்துச்சு. உங்க மாமா எங்க வீட்டுத் தாழ்ப்பாளையும் கழட்டுனாரு. தாத்தா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. உங்கப்பனுக்கும் தெரியாது. கதிரு, ஏம்ப்பா, உன்னய ஏமாத்திட்டேன்.” “அக்கா, அந்தக் கீழாநெல்லி...” என்று கதிரேசன் ஆரம்பித்தான். அதற்குள், நாலைந்து நாள் பேசாத தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அத்தை, அப்ப நம்ம குடும்பத்துல நான் மொத ஆளு இல்லையா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த மரகதத்துக்கு, தானும் முதல் ஆள் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நாற்பது நாள் டைஃபாய்டு என்று அறையை விட்டு வராத பெரியப்பா, மௌன விரதம் என்று ஒரு வருஷம் யாரோடும் பேசாத மூத்த அத்தை, வயிற்றுவலி தாங்காமல் கிணற்றில் தவறி விழுந்தாள் என்று மட்டும் சொல்லப்படுகிற, புகைப்படம்கூட இல்லாத ஒருத்தி, எத்தனை காய்ச்சல், எத்தனை விரதம், எத்தனை காமாலை. எல்லாரும் ஆளுக்கொரு அறையில், தான் ஒருத்தர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் இல்லை, இத்தனை பேரும் இவ்வளவு பாரத்தோடு எழுந்து, பல் விளக்கி, பிள்ளை வளர்த்து, பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்களே என்ற மலைப்பில். “இல்லம்மா,” என்றாள். “நான் உனக்கு முந்தி. எனக்கு முந்தி எத்தனை பேரோ.” சிந்துஜா கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல மெதுவாக, “தாரணி கைக்குழந்தைன்னா இருபது வருசத்துக்கு மேல ஆச்சே. நீங்க இன்னும் இருக்கீங்களே அத்தை” என்றாள். அதில் குறையும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. ஆகாயத்தில் எதையோ புதிதாகப் பார்த்துவிட்ட ஒருத்தியின் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. “ஆமாம்மா, இருக்கேன்,” என்றாள் மரகதம். அது எவ்வளவு பெரிய காரியம் என்று, சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.